எதிரியின் அளவு

1780 ஆகஸ்டு 25 மாலை. கர்னல் வில்லியம் பெய்லி கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வந்து கொசஸ்தலை ஆற்றின் வடகரையில் கூடாரம் அடித்தான். குண்டூரிலிருந்து இறங்கி வந்த கும்பினிப் படை, ஏறக்குறைய 2,800 பேர். ஆற்றில் அப்போது தடுக்கும்படியான தண்ணீர் இல்லை. அன்று மாலையே கடந்திருக்கலாம். களைப்பு, இருட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம், எது காரணமோ, தங்கிவிட்டான். இரவில் மேற்கே பெய்த மழை ஆற்றை நிரப்பியது. மறுநாள் காலை அவன் பார்த்தது வேறு ஆறு. செப்டம்பர் முதல் வாரம்வரை அந்தக் கரையிலேயே கிடந்தான். அந்த நாட்களுக்குள் ஹைதர் அலி ஆற்காட்டு முற்றுகையை நிறுத்திவிட்டு எழுந்தான். அவன் மகன் திப்பு, பெய்லியை வழிமறிக்கப் பெரிய குதிரைப்படையோடு கிளம்பினான். மீதியைப் பள்ளிக்கூடப் பாடம் இரண்டு வரியில் சொல்லிவிடும். இரண்டாம் மைசூர்ப் போர், புள்ளலூர், ஆங்கிலேயர் தோல்வி.

இதை எடுத்துக்கொண்டது ஒரு விளையாட்டுப் பிரச்னைக்காக. விளையாட்டு என்றதும் நம் நண்பர்கள் சிலர் பக்கத்தைப் புரட்டக்கூடும். சினிமா என்றபோதும் இதே வட்டத்தில் ஒருகாலத்தில் அப்படித்தான் புரட்டினார்கள்.

கணினியில் ஆடுகிற விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. ஆடுபவன் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு ஒரு பெரிய நிலப்பரப்பில் இறங்குகிறான். மலை, காடு, ஊர், குகை எல்லாம் இருக்கும். எந்தத் திசையிலும் நடக்கலாம். சண்டையிட்டு, களவாடி, கற்றுக்கொண்டு பாத்திரம் வலுப்பெறும். அந்த வலுவை எண்ணால் குறிக்கிறார்கள், முதல் படி, இரண்டாம் படி, ஐம்பதாம் படி என்று. இங்கே படைப்பவனுக்கு ஒரு சங்கடம் வருகிறது. ஆடுபவன் எந்த வழியாக, எந்தப் படியில், எப்போது வந்து சேருவான் என்று தெரியாது. அப்படியிருக்க, அந்த மலையடிவாரத்துக் குகையில் எவ்வளவு பலமுள்ள எதிரியை வைப்பது? சின்ன எதிரியை வைத்தால் பின்னால் வருகிறவனுக்கு ஈ ஓட்டுவதுபோல் ஆகிவிடும். பெரிய எதிரியை வைத்தால் முன்னால் வருகிறவன் செத்துப்போவான்.

முதலில் கண்ட விடை இடத்தையே அளவாக்குவது. 1974இல் அமெரிக்காவில் காகிதமும் பகடையுமாக வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் நிலவறையின் முதல் தளத்தில் அற்ப ஜந்துக்கள் இருக்கும். கீழே போகப்போக பயங்கரமானவை. ஆழம்தான் கஷ்டம். எவ்வளவு கீழே இறங்குவது என்பதை ஆடுபவன் தன் தைரியத்துக்கும் பேராசைக்கும் ஏற்பத் தீர்மானிக்கிறான். அந்த விளையாட்டுக்குப் பாட்டன் முறையில் இருப்பது பிரஷ்ய ராணுவம் 1824இல் ஏற்றுக்கொண்ட போர்ப்பயிற்சி ஆட்டம். அதில் இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர் உட்கார்ந்திருப்பார். எதிரி எங்கே இருக்கிறான் என்பது அவருக்கு மட்டும் தெரியும். ஆட்டக்காரன் அனுப்பின ஒற்றன் பார்க்கக்கூடியதைத்தான் அவனுக்குச் சொல்வார். ஆனால் அவன் பலவீனமாக இருக்கிறானே என்று எதிரிப்படையில் நாலு பேரைக் குறைக்க மாட்டார். இது முக்கியம். நடுவர் மறைக்கலாம், இரக்கப்படக்கூடாது.

கணினி வந்த பிறகு நடுவரின் நாற்காலியில் நிரல் உட்கார்ந்தது. 2002இல் 'மாரோவிண்ட்' வந்தபோது அந்த உலகம் பெரும்பாலும் ஆடுபவனைச் சட்டைசெய்யாததாக இருந்தது. தவறான குகைக்குள் நுழைந்தால் சாவு. திரும்பி ஓடி, வேறு இடங்களில் அலைந்து, பலம் சேர்த்து, மாதம் கழித்து அதே குகைக்கு வருகிறவனுக்கு அந்தக் குகை ஒரு நினைவு. அதே கம்பெனி 2006இல் 'ஒப்லிவியன்' செய்தபோது எல்லாரும் எங்கும் போகலாம், யாரும் தவறான குகைக்குள் நுழைய வேண்டாம் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். எதிரிகளின் பலத்தை ஆடுபவனின் படியோடு கட்டிவைத்தார்கள். அவன் ஏறினால் அவர்களும் ஏறுவார்கள். ஓநாய் இருந்த காட்டில் கரடி நிற்கும். சாலையோர வழிப்பறிக்காரன், தொடக்கத்தில் கிழிந்த தோலுடுப்போடு நின்றவன், நாற்பது மணிநேரம் ஆடிய பிறகு ஒரு சிற்றரசனும் வாங்க முடியாத கண்ணாடிக் கவசம் பூண்டு வந்து, அதே நூறு காசைக் கேட்பான். அந்தக் கவசத்தை விற்றால் ஒரு வீடு வாங்கலாமே, இவன் ஏன் மழையில் நின்று நூறு காசு கேட்கிறான் என்று ஆடியவர்கள் சிரித்தார்கள். கதையின் பெரிய காரியத்தை ஒன்றிரண்டு படியிலேயே முடித்துவிடுவது சுலபம் என்றும் கண்டுபிடித்தார்கள். வளருவதே நஷ்டம்! சீக்கிரத்திலேயே ரசிகர்கள் சிலர் நிரலைப் பிரித்து, எதிரிகளை அவரவர் இடத்தில் திரும்ப உட்காரவைத்துத் தங்கள் பாடத்தை வெளியிட்டார்கள். பாடபேதம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

சிரிப்பு இருக்கட்டும். இழந்தது என்ன என்று பார்த்தால், இழந்தது இடம். எந்தக் குகையும் எந்தக் குகையாகவும் இருக்கலாம் என்று ஆனபின் வரைபடத்தில் பெயர்கள் மட்டும் மிஞ்சுகின்றன. எங்கும் போகலாம் என்ற சுதந்திரம் எங்கே போனாலும் ஒன்றுதான் என்கிற அலுப்பாக முடிகிறது. உலகம் கண்ணாடியாகிவிட்டது, அதில் ஆடுபவன் தன் படியை மட்டும் பார்த்துக்கொண்டு நடக்கிறான்.

2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' இதற்கு எதிர்த்திசையில் போன ஒன்று. ஆட்டம் தொடங்கும் சிற்றூரிலிருந்து பெருநகரத்தின் விளக்குகள் வடக்கே தெரியும். நேர்வழி குறுகியது. ஆனால் அந்த வழியில் ஆரம்பநிலைக்காரனை ஓரிரு அடியில் கொல்லும் மிருகங்கள் இருக்கின்றன. போகாதே என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். தெற்கே இறங்கிக் கிழக்கே சுற்றி வரவேண்டும். அந்தச் சுற்றுவழிதான் கதை. கெட்டிக்காரன் ஒருவன் ஒளிந்து பதுங்கி வடக்கு வழியாகவே போய்ச் சேர்ந்துவிடலாம், அதற்கும் தடையில்லை. 2022இல் வந்த ஜப்பானிய 'எல்டன் ரிங்'கில், முதல் வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் பொற்கவசம் அணிந்த குதிரைவீரன் ஒருவன் உலாத்திக்கொண்டிருப்பான். சண்டைக்குப் போனவன் சாவான். விலகிப் போ என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு மூன்று சாவுகளுக்குப் பிறகு ஆடுபவனுக்கே தோன்றுகிறது.

கும்மிடிப்பூண்டியில் பெய்லிக்கு முன்னாலும் இரண்டு வழிகள் இருந்தன. சென்னை அங்கிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர். கோட்டைக்குப் போய்ச் சேர்ந்து, பெரிய படையோடு கலந்து, பிறகு சேர்ந்தே புறப்பட்டிருக்கலாம். ஆனால் தளபதி ஹெக்டர் மன்றோ (நம் ஜனங்கள் கும்பிட்ட கவர்னர் தாமஸ் மன்றோ வேறு, அவர் அப்போது அதே படையில் புதிதாக வந்த சின்னக் கேடட்) படைகள் காஞ்சிபுரத்தில் சந்திக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, பரங்கிமலையிலிருந்து தானும் காஞ்சிக்கு நகர்ந்தான். எனவே பெய்லி உள்நாட்டு வழியில் திரும்பினான். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைக் குறுக்கே வெட்டிப்போகும் வழி. செப்டம்பர் 6 பேரம்பாக்கத்தில் திப்பு தாக்கினான். பெய்லி தாங்கிக்கொண்டான். ஆனால் நகர முடியவில்லை. பீரங்கிச் சத்தம் காஞ்சியில் மன்றோவுக்குக் கேட்டது. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேலிராது. இடையில் ஹைதர். மன்றோ தானே போகாமல் பிளெட்சர் என்பவன் தலைமையில் ஆயிரம் பேரை இரவோடு இரவாக அனுப்பினான். அவர்கள் 9ஆம் தேதி காலை வந்து சேர்ந்தார்கள். ஆக 3,800 பேர். அன்று இரவு எல்லாரும் காஞ்சியை நோக்கிப் புறப்பட்டு, கொஞ்ச தூரம் போனதும் பெய்லி நிற்கச் சொன்னான். ஏன் என்று இதுவரை யாரும் திருப்தியாகச் சொன்னதில்லை. மறுபடியும் ஓர் இரவு ஓய்வு.

விளையாட்டில் ஓய்வு என்பது மருந்து. பாத்திரம் தூங்கி எழுந்தால் காயம் ஆறியிருக்கும், எதிரி அவன் இடத்திலேயே நின்றுகொண்டிருப்பான். ஆடாத நேரத்தில் உலகம் நடக்காது. புள்ளலூரில் அந்த இரவில் உலகம் நடந்தது. ஹைதர் தன் முழுப்படையோடு வந்து சேர்ந்துவிட்டான். 10ஆம் தேதி காலை சதுர வியூகத்தில் நின்றவர்கள்மேல் மூன்று பக்கமும் பீரங்கி, இரும்புக்குழல் ராக்கெட், குதிரைப்படை. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. பெய்லி பிடிபட்டு, 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தான். மன்றோ தன் கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளமொன்றில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினான்.

சமன் என்ற வார்த்தையை இந்த விளையாட்டுக்காரர்கள் ஓயாமல் பயன்படுத்துகிறார்கள். எதிரியின் பலமும் ஆடுபவனின் பலமும் தராசில் ஏறக்குறைய நிற்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. இதைவிட நுட்பமான சமன் ஒன்று நம் கோயில் மண்டபத் தரைகளில் கோடாகக் கீறிக் கிடக்கிறது. ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. ஒரு புலிக்கு ஐந்து ஆடு என்று கணக்குப் போட்டு இதைச் சமன் செய்ததாக நினைத்தால் ஒன்றும் விளங்காது. ஆடும் புலியும் ஒரே தராசில் ஏறுகிறவை அல்ல. புலி ஜெயிப்பது தின்று. ஆடு ஜெயிப்பது நின்று. பக்கத்தில் பக்கத்தில் நின்று, பின்னால் இடம் விடாமல் அடைத்து, கடைசியில் புலிக்குக் கால் வைக்கக் கோடில்லாமல் செய்துவிடும். சமன் இருப்பது காய்களின் பலத்தில் என்பதைவிடக் கோடுகளில், யார் எங்கே நகரலாம் என்பதில் என்று இதைக் கண்டுபிடித்த பெயர் தெரியாத ஆளுக்குத் தெரிந்திருந்தது. கும்பினிச் சிப்பாய்களின் சதுரம் புலி. நேரில் மோதினால் தாண்டி வெட்டும், பேரம்பாக்கத்தில் வெட்டியது. மைசூர்க் குதிரைப்படை பல நாளாகச் செய்தது ஆட்டுவேலை. வழியடைப்பது, தீவனத்தைத் தடுப்பது, தபாலைப் பிடிப்பது. பின்னாளில் புலியைத் தன் சின்னமாக ஆக்கிக்கொண்ட திப்பு, வாழ்க்கையில் பெற்ற முதல் பெருவெற்றியை ஆட்டுப்பக்கம் உட்கார்ந்து ஆடிப் பெற்றான்.

இங்கே வரலாற்றுக்காரர்களின் பக்கம் திரும்ப வேண்டும். ஒப்லிவியன் செய்த காரியத்தை அவர்கள் வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள். ஒரு வித்தியாசம்: இவர்கள் ஆட்டம் முடிந்த பிறகு அளவை மாற்றுகிறார்கள்.

தோற்ற ஆங்கிலேயனின் புத்தகங்களில் ஹைதரின் படை எண்பதாயிரம், தொண்ணூறாயிரம், லட்சம் என்று ஏறிக்கொண்டே போகிறது. அது போதாமல் ஆறு, மழை, வெடித்த வண்டி, நகராத மன்றோ என்று பட்டியல் நீள்கிறது. எதிரி தன்னைவிடத் திறமையாகச் சண்டையிட்டான் என்ற ஒரே வாக்கியம் அதில் நாணிக்கோணித்தான் வருகிறது. ஜெயித்தவன் பக்கம் என்ன? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் புள்ளலூர் விரிகிறது. நடுவே சிவப்புச் சட்டைச் சதுரம், வெடிக்கிற வண்டி. சதுரத்துக்குள் பல்லக்கில் பெய்லி, விரலைக் கடித்துக்கொண்டு. திப்புவோ பூவை முகர்ந்தபடி, தோட்டம் பார்க்க வந்தவன்போல. பல நாள் கஷ்டப்பட்டுச் சேர்த்த வெற்றி கஷ்டமே இல்லாத வெற்றியாகச் சுவரில் ஏறுகிறது. தோற்றவனுக்கு எதிரியைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது, ஜெயித்தவனுக்குத் தன் உழைப்பை அழிக்க வேண்டியிருக்கிறது. ஓவியம் என்ற முறையில் அந்தச் சுவர் எனக்குப் பிடிக்கும். அதற்காகச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடியாது.

இதே புள்ளலூரில் ஏழாம் நூற்றாண்டிலும் ஒரு சண்டை நடந்தது. மகேந்திரவர்மன் தன் முக்கிய எதிரிகளைப் புள்ளலூரில் அழித்தான் என்று பல்லவர்களின் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. எதிரி யார் என்று சொல்லவில்லை. 634ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டில் புலிகேசியின் புலவன் ரவிகீர்த்தி, தன் அரசன் படை கிளப்பிய புழுதியில் பல்லவனின் பிரதாபம் மங்கிப்போய், அவன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்கிறான். இரண்டும் ஒரே யுத்தத்தின் இரண்டு கணக்குகள் என்பது ஆராய்ச்சியாளர்களின் ஊகம். ஒருவன் எதிரியின் பெயரையே விழுங்குகிறான், மற்றவன் எதிரியைப் புழுதியில் மறைக்கிறான். இந்தப் பல்லவ-சாளுக்கியப் போர் நம் வாசகனுக்கு வந்து சேர்ந்ததோ பெரும்பாலும் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' வழியாக. தொடர்கதை என்ற வடிவம் ஒப்லிவியனுக்கு மூத்த அக்காள். வாரத்துக்கு ஒரு வில்லன், கதாநாயகனின் அந்த வார பலத்துக்கு ஒரு முழம் கூடுதலாக; அடுத்த வாரம் அவனைவிட ஒரு முழம் கூடுதலாக இன்னொருவன். கதை முடிய வேண்டிய வாரத்தில் எல்லாரும் ஒருசேரச் சாவார்கள். நிலம் எதற்கும் குறுக்கே வராது. சரித்திரத் தொடர்களில் ஆறுகள் வெள்ளம் வருவது காதலர்கள் சந்திக்க வேண்டிய இரவில் மட்டும்தான்.

கொசஸ்தலை அப்படி வந்த வெள்ளம் அல்ல. பெய்லி எந்தப் படியில் இருக்கிறான் என்று அதற்குத் தெரியாது. திப்புவுக்காகவும் அது பெருகவில்லை. இந்த அலட்சியத்தைப் படைப்பில் கொண்டுவருவதுதான் கஷ்டம், நாவலிலும் சரி, கணினி விளையாட்டிலும் சரி. 1944இல் பூண்டியில் அணை கட்டிய பிறகு கீழே ஆறு பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் ஷிஃப்ட் முடிந்து வருகிற ஒடிஷா, பீகார்ப் பையன்கள் வாடகை அறைகளில் செல்போனில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிறார்கள். அங்கே எதிரியின் பலத்தை நிரல் ஒன்று அவர்கள் தோற்கத்தோற்கத் தணித்தும் ஜெயிக்க ஜெயிக்க ஏற்றியும் வைக்கலாம். உலையடியில் அப்படிக் கணக்குப் பார்க்கிறவர் எவரும் கிடையாது.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. பெய்லியின் 3,800 பேரில் ஐரோப்பியர் சில நூறு பேர். மற்றவர்கள் சிப்பாய்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். விளையாட்டில் இவர்களுக்கு ஒரு வேலை உண்டு: எதிரி எவ்வளவு பலமானவன் என்று காட்டுவதற்காக முதலில் சாவது. அளவுகோலின் கோடுகள். பெய்லிக்கு 1816இல் அவன் உறவினன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நினைவு மண்டபம் எழுப்பினான். 1781 ஆகஸ்டு 27, அதே புள்ளலூரில் ஐர் கூட் மறுபடி ஹைதரோடு மோதி, யாருக்கும் முழு வெற்றியில்லாமல் முடிந்த சண்டையில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு வயல் நடுவே கூர்தூண்கள் நிற்கின்றன. அன்று கூட்டின் படை நடந்தது முந்தின வருஷத்து எலும்புகளின்மேல்.

சிப்பாய்களுக்கும் கீழே ஒரு படி இருக்கிறது. சென்னையைச் சுற்றிலும் ஊர்களை எரித்து, எதிரிக்கு ஒரு கட்டுப் புல்கூடக் கிடைக்காமல் செய்வது ஹைதரின் யுத்தமுறை. அதனால் கும்பினியும் திணறியது. முதலில் திணறியவன் உழுதவன். 1782இல் பஞ்சம். பிழைக்க நகரத்துக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் மணியக்காரர் சத்திரம். அங்கேயே வைத்தியமும் பார்த்து, அது வளர்ந்து இன்று ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைக் கிழவிகள் நெடுநாள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிவந்தார்கள். எந்தத் திறந்த உலகத்திலும் எரிந்த வயல்காரன் நகரம் தேடி நடப்பதை நான் பார்த்ததில்லை. எரிந்த வயல் அழகாக இருக்கும், புகையின் ஒளியை மிகுந்த சிரத்தையோடு செய்திருப்பார்கள்.

யாராவது தமிழில் இந்த நடையை, கும்மிடிப்பூண்டி முதல் புள்ளலூர்வரை, ஒரு விளையாட்டாகச் செய்யக்கூடும். செய்தால் ஆடுபவன் கையில் பெய்லியைக் கொடுக்க வேண்டாம். 10ஆம் தேதி காலை காஞ்சியிலிருந்து தாமதமாகக் கிளம்பி வந்த மன்றோ பெரிய வெடிச்சத்தத்தைக் கேட்டான், புகையைப் பார்த்தான், என்னவென்று புரியாமல் நின்றான். எதிரே நடந்துவந்த ஒருவன்தான் எல்லாம் முடிந்தது என்று சொன்னான். வரலாற்று நூல்கள் அவனைக் காயம்பட்ட ஒரு சிப்பாய் என்கின்றன.